ஜெராய் மலையில் இருவராய் ஒரு நாள்: நடையும் கல் தேடலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் டவுனில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் வடமேற்கே ஜெராய் மலை தெரியும். நானும் என் வீட்டுக்காரரும் அதன் அடிவார ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அம்மாவுக்கு அந்த மலை ஒரு மழைக்கணக்கு. "மலை முக்காடு போட்டுருச்சு, வாளியத் தூக்கு" என்பார். பாலில் மழைத்தண்ணீர் விழுந்தால் அன்றைய கூலி போச்சு. மலையில் என்ன இருக்கிறது என்று அன்று யாருக்கும் யோசிக்க நேரமிருந்ததில்லை. எங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது. மழை குறைந்த மாதங்களில் இருவரும் ஒரு நாள் நடந்து, கல் பார்த்துவிட்டு வருகிறோம். சொந்தக்காரர்களும் பழைய தோட்டத்து ஆட்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்லு பொறுக்கவா அக்கா இவ்வளவு தூரம் மலை ஏறுறீங்க?

பொறுக்குவதற்கு இல்லை, தேடிப் பார்ப்பதற்கு. ஒரு கல்லைக் கையில் எடுத்து, தண்ணீரில் நனைத்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, இது என்ன, எங்கிருந்து உருண்டு வந்தது என்று இருவரும் பேசி முடிவுக்கு வந்த பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவோம். கல்யாணமாகி முப்பது வருடத்தில் வீட்டுக்கணக்கும் பிள்ளைகள் படிப்பும் தவிர வேறு எதையும் நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து பேசியதில்லை.

அந்த மலையில அப்படி என்ன கல்லு இருக்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. ஜெராய் 1,217 மீட்டர் உயரம். சுற்றிலும் வயலும் செம்பனையும் சமதளமாகக் கிடக்க, நடுவில் தனியாக எழுந்து நிற்கிற மலை. அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்குக் கடலிலிருந்து தெரிந்த அடையாளமும் அதுதான்.

மலையின் பழைய பகுதி சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலும் சேறுமாகப் படிந்தது. லங்காவியின் மச்சின்சாங் மலைப் பாறைகளும் ஏறக்குறைய அதே காலத்தவை. வெகுகாலம் கழித்து அடியிலிருந்து பாறைக்குழம்பு மேலே ஏறி, வெளியே கொட்டாமல் உள்ளேயே மெல்ல ஆறி கிரானைட் ஆனது. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் பக்கத்திலிருந்த மணற்பாறை இறுகிக் குவார்ட்சைட் ஆனது. சேற்றுப்பாறை ஏடு ஏடாக உரியும் ஷிஸ்ட் ஆனது. ஆகவே ஒரே ஓடையில் அரைமணி நேரம் நடந்தால் மூன்று வகைப் பாறைகளையும் தொட்டுப் பார்க்கலாம்.

எங்களை அதிகம் கட்டிப்போடுவது பெக்மடைட். கிரானைட் ஆறும்போது கடைசியாக மிஞ்சிய சாறு விரிசல்களில் புகுந்து உறைந்த பாறை இது. அதில் நீர் மிகுதி, அதனால் படிக மணிகள் பெரிதாக வளர்ந்திருக்கும். வெள்ளை ஃபெல்ஸ்பார், கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெள்ளி ஏடாக மைக்கா, நடுவே கறுப்புக் குச்சிகளாக டூர்மலின். அதிர்ஷ்டம் இருந்தால் கடுகளவு சிவப்புக் கார்னெட்டும் கண்ணில் படும். முதன்முதலில் அந்தக் கறுப்புக் குச்சிகளைப் பார்த்தபோது யாரோ வெள்ளைக் கல்லில் பென்சில் துண்டுகளைச் செருகி வைத்தது போல இருந்தது.

எது எந்தக் கல்லுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கண், நகம், பேனாக்கத்தி, காந்தம், ஓர் ஓட்டுத்துண்டு. இவை போதும். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது, பத்து மடங்கு பெரிதாக்குவது.

குவார்ட்ஸ் உடைந்த இடம் கற்கண்டு மாதிரி இருக்கும், தட்டையான முகம் வராது. ஃபெல்ஸ்பார் படிபடியாகத் தட்டையாக உடையும், சாய்த்துப் பார்த்தால் ஒரு முகம் மட்டும் பளிச்சென்று மின்னும். பழுத்துப்போன ஃபெல்ஸ்பார் வெள்ளைக் களிமண்ணாக விரலில் ஒட்டும். மைக்காவை நம் பெரியவர்கள் காக்காப்பொன் என்பார்கள். நகத்தால் ஏடு ஏடாகப் பிரிக்கலாம், மீன் செதில் போல வளையும். டூர்மலின் குச்சிக்கு நீளவாக்கில் நுண்ணிய கோடுகள் இருக்கும். குறுக்கே உடைந்திருந்தால் மூலைகள் மழுங்கிய முக்கோணம் தெரியும். அந்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டால் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

கடினத்தைச் சோதிக்க மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-இல் வகுத்த பத்துப்படி அளவு இருக்கிறது. நகம் இரண்டரை, கத்தி ஐந்தரை, ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கத்தி கல்லைக் கீறுகிறதா, கல் கத்தியைக் கீறுகிறதா என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். அதற்காக மலையில் இருக்கிற பாறையைக் கீற வேண்டாம். ஓடையில் உருண்டு கிடக்கிற கூழாங்கல்லின் ஒரு மூலை போதும்.

பளபளப்பு இல்லாத ஓட்டின் பின்பக்கத்தில் இரும்புக்கல்லைத் தேய்த்தால் ஹெமடைட் செங்காவி நிறத்தில் கோடு போடும், மேக்னடைட் கறுப்புக் கோடு போடும். மேக்னடைட்டைக் காந்தம் இழுக்கும்.

டூர்மலின் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதைச் சூடாக்கினால் முனைகளில் மின்சாரம் ஏறிச் சாம்பலை இழுக்கும். இலங்கையிலிருந்து இந்தக் கற்களை வாங்கிப்போன டச்சுக்காரர்கள் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்றே பேர் வைத்தார்கள். டூர்மலின் என்ற சொல்லும் சிங்களத்திலிருந்து போனதுதான்.

தங்கம் கிடைக்குமா?

நாங்கள் பார்த்ததில்லை. வெயிலில் மின்னுவதெல்லாம் காக்காப்பொன். ஆற்று மணலைத் தட்டில் அலசிப் பார்ப்பதும் வேண்டாம். துலாங் அலசுவதற்கு உரிமம் வேண்டும் என்பது நம் பாட்டிமார் காலத்திலிருந்தே உள்ள விதி.

ஒரே ஒரு கல்லு எடுத்துக்கிட்டா என்ன? மலை குறைஞ்சா போயிடும்?

குறையாது. ஆனாலும் எடுக்கக்கூடாது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, மாநிலம் வேறு யாருக்கும் உரிமை கொடுத்திராத கனிமமும் பாறையும் மாநில அரசுக்கே சொந்தம். மலைக்காடு வனக்காப்பகம், அதற்குத் தனிச் சட்டம். பழங்காலக் கோயில் இடிபாடுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கம் ஓர் ஓட்டுத்துண்டோ செதுக்கிய கல்லோ தென்பட்டால் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் குறுக்கே நிற்கும். கண்டெடுத்ததை மாவட்ட அதிகாரியிடமோ பாரம்பரியத் துறையிடமோ சொல்ல வேண்டியது நம் கடமை.

சட்டத்தை விடுங்கள், எனக்கு வேறொரு காரணமும் உண்டு. ஓடையில் கிடக்கும் டூர்மலின் கல் 'எனக்கு மேலே, இந்தத் தண்ணீர் வரும் வழியில் ஒரு பெக்மடைட் இருக்கிறது' என்று சொல்கிறது. அதை எடுத்து வந்து தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைத்தால் அது எதையும் சொல்லாது. அதனால்தான் சுத்தியலும் எடுத்துப்போவதில்லை.

அப்ப வெறுங்கையோட வர்றீங்களா?

படம் எடுக்கிறோம். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் இருபது காசு நாணயம் வைப்போம். வறண்ட நிலையில் ஒரு படம், நனைத்து ஒரு படம். நேரம், இடம், என்ன பார்த்தோம் என்று குறிப்பேட்டில் அவர் எழுதுவார். கையெழுத்து எனக்கு அவ்வளவாக வராது, நான் படம் வரைவேன். கையில் வைத்துக்கொள்ளக் கல் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு, சமையலறைக் கல் அறுக்கும் கடையில் வெட்டுத்துண்டு கேட்டால் கொடுப்பார்கள். வீடு கட்ட இறக்கிய ஜல்லியில் கேட்டு ஒரு பிடி எடுத்தாலும் ஒரு மாதத்துக்குப் பார்க்க வேலை இருக்கும்.

எங்கேர்ந்து ஏறுறது? எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

பீடோங்கிலிருந்து செமிலிங், எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகப் பக்கமாக மெர்போக் போகும் சாலைதான் எங்கள் வழி. மெர்போக் பக்கம் துப்பா, யான் பக்கம் தித்தி ஹாயுன், பத்து ஹம்பார் ஆகியவை ஓடையும் அருவியுமான இடங்கள். குரூண் பக்கமிருந்து மேலே தார்ச்சாலையே உண்டு. நடக்க முடியாதவர்கள் அப்படிப் போய்க் காற்று வாங்கலாம், அடிவாரத்தைவிட ஆறேழு டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் உள்ள பகுதி தடைசெய்யப்பட்டது. அருவிப் பகுதியைத் தாண்டிக் காட்டுப்பாதையில் ஏறுவதானால் முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். எந்த இடம் திறந்திருக்கிறது என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம். மூடியிருக்கிறது என்று பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள், வேலியைச் சுற்றிப் போகாதீர்கள்.

கெடாவில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். நாங்கள் சனிக்கிழமை போவோம், வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் பல இடங்கள் மூடிவிடும் என்பதால். ஏழு மணிக்கு முன் வீட்டை விட்டு இறங்கி, கடையில் ரொட்டி சானாயும் தே ஓவும். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு நடை. பதினொரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோம். அடுத்த வளைவில் என்ன இருக்கும் என்று ஆசையாக இருந்தாலும் சரி. மாலை மழை மலையில்தான் முதலில் இறங்கும். சனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். தைப்பூசம் முடிந்த வாரம் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது.

புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரா காட்டுக்குள்ள போறீங்களே, பயமில்லையா?

இரண்டாவது முறை போனபோது நடந்ததைச் சொல்கிறேன். ஓடைக்கரையில் வெள்ளைக் குவார்ட்ஸ் கோடு ஒன்று பாறையில் நரம்பு மாதிரி மேலே ஏறிப்போனது. அவர் அதைப் பிடித்துக்கொண்டே போனார், நான் அவர் பின்னால். இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது பாதையைக் காணோம்.

"ஏங்க, பாதை எங்க?"

"நீ பார்த்துக்கிட்டு வர்றேன்னு நெனச்சேன்."

"நீங்க பார்க்கிறீங்கன்னு நான் நெனச்சேன்."

சத்தம் போடவும் தோன்றவில்லை, வயிறு கலங்கிவிட்டது. தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துக் கீழே இறங்கலாம் என்றார். நான் மறுத்தேன். ஓடையோடு இறங்கினால் நடுவில் அருவி வரும், வழுக்குப் பாறை வரும். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கைப்பேசியில் அதுவரை எடுத்த கல் படங்களைக் கடைசியிலிருந்து பார்த்தோம். இந்தக் கல்லுக்கு முன்னால் அந்த வேர், அந்த வேருக்கு முன்னால் பாசி படிந்த பாறை. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பின்னோக்கி நடந்தோம். நாற்பது நிமிடத்தில் பாதை கிடைத்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் கல்லைப் பார்த்தால் மற்றவர் வழியையும் வானத்தையும் தண்ணீரையும் மட்டும் பார்க்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை முறை மாறும். வழி பார்க்கிறவர் "போதும், திரும்புவோம்" என்றால் கல் பார்க்கிறவர் மறுபேச்சுப் பேசக்கூடாது. கல் தேடுகிறவர்களுக்குப் புலியும் பாம்பும் பெரிய ஆபத்தல்ல, குனிந்த தலைதான். இருவராகப் போவதன் பலனே இந்த இரண்டாவது சோடிக் கண்தான்.

கிளம்பும் முன் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று மகளுக்கு எழுதி அனுப்புவோம். அந்த நேரம் தாண்டி ஒரு மணியாகியும் தகவல் இல்லையென்றால் அவள் அவசர உதவி எண் 999-க்கு அழைக்க வேண்டும் என்பது பேச்சு.

கெப்பாலா ஆயர்னு சொல்றாங்களே, அது என்ன?

மலையுச்சியில் கொட்டிய மழை ஓடையில் ஒரே அலையாகத் திரண்டு இறங்குவது. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயில் அப்படி இறங்கிய வெள்ளம் பாறையும் மரமும் சேறுமாக யான், மெர்போக் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. உயிர்கள் போயின. அன்று புரண்டு வந்த கற்கள் ஓடைகளில் கிடக்கின்றன. புதிதாக உடைந்த முகங்கள் கொண்ட அந்தக் கற்களில்தான் மணிகள் நன்றாகத் தெரியும். அதைச் சொல்லும்போதே மனம் கனக்கிறது. அந்தக் கரையில் நாங்கள் சத்தமாகப் பேசுவதில்லை.

அடையாளங்களை மனப்பாடம் செய்யுங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும். இலையும் சுள்ளியும் கூடுதலாக மிதந்து வரும். மேலே லாரி வருவது போல ஓர் இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையோடு கீழே ஓடாதீர்கள். மலை முக்காடு போட்டிருந்தால் நாங்கள் ஓடைப் பக்கமே போகமாட்டோம், அம்மாவின் கணக்கு அங்கும் செல்லும்.

காலுக்கு என்ன போடுறது? சாப்பாடு?

அடிடாஸ் கம்போங். பால் வெட்டப் போகிறவர்கள் போடுகிற அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, விலையும் மலிவு, ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும். முழங்கால்வரை நீண்ட காலுறை, அட்டைக்கு உப்புத்தண்ணீர், கோடாலித் தைலம், மழைச்சட்டை, விசில், டார்ச் லைட், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாப்பாடு புளிச்சோறு, நெத்திலி சம்பல், அவித்த முட்டை. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள், குரங்கு பிடுங்கிக்கொள்ளும்.

மலைக் கல்லுல சாமி இருக்கும், தொடக்கூடாதுன்னு எங்க பாட்டி சொல்வாங்க.

என் பாட்டியும் சொன்னார். அடிவாரத்தில் முனீஸ்வரனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் நாங்கள் நடக்கிறோம். குங்குமம் வைத்த கல், துணி கட்டிய கல், யாரோ அடுக்கி வைத்த கல் எதையும் தொடுவதில்லை. கல்லை நட்டுத் தெய்வமாக்கிக் கும்பிட்ட சனம் நாம். வெறுங்கல் என்று எதையும் எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வராது.

இறங்கின பிறகு மீதி நாள் என்ன செய்வீங்க?

மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகத்துக்குக் கட்டாயம் போவோம். காலையில் மலையில் பார்த்த கல்லை மனிதக் கை என்ன செய்தது என்பதை அங்கே பார்க்கலாம். சண்டி என்றால் பழங்காலக் கோயில். புக்கிட் பத்து பஹாட் சண்டி முழுக்கக் கிரானைட்டால் கட்டியது. பத்து பஹாட் என்றால் உளி பட்ட கல். தூண் நிறுத்தக் குழி வெட்டிய அடிக்கற்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். அதே வெள்ளை மணி, அதே கறுப்புப் புள்ளி. அங்கே கொண்டுவந்து மீண்டும் கட்டப்பட்ட மற்றச் சண்டிகளில் செங்கல்லும் செம்புராங்கல்லும் உண்டு. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் மண் ஊதுகுழல்களும் வெளிப்பட்டன. 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்து வென்ற கடாரம் இந்தப் பக்கம்தான். பள்ளிக்கூடத்தில் 'கடாரம் கொண்டான்' என்று உரக்கப் படித்தபோது, அந்தக் கடாரம் நம் தோட்டத்து லயம் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

அங்கே போகும்போதெல்லாம் ஒரு தம்பதியை நினைத்துக்கொள்வேன். 1930களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் இந்தப் பள்ளத்தாக்கில் சேர்ந்து தேடி, தோண்டி, சண்டிகளுக்கு எண் போட்டார்கள். பத்து பஹாட் அவர்கள் வரிசையில் 8. அதைத் திரும்ப எடுத்து நிறுத்தியது 1960ஐ ஒட்டி, வரலாற்றாசிரியர் அலஸ்டேர் லேம்ப் மேற்பார்வையில். 11ஆம் எண் சண்டி தோட்ட நிலத்தில் இருந்தது. நிலத்தை மேம்படுத்தும் வேலையில் அது இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்தது. அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

எங்க வீட்டுலயும் பழைய கல்லு ஒண்ணு கிடக்கு. என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

அம்மி, உரல் என்றால் பெரும்பாலும் கிரானைட். உங்கள் கல்யாணத்தில் மிதித்த அம்மியையே நனைத்துப் பாருங்கள், மூன்று வகை மணி தெரியும். மற்றக் கல் என்றால் கழுவி, காய வைத்து, கத்தி, காந்தம், ஓடு என்று வரிசையாகச் சோதியுங்கள்.

நாங்கள் முதலில் சோதித்தது அம்மாவின் தீட்டுக்கல்லைத்தான். பால்வெட்டுக் கத்தி தீட்ட அப்பா தோட்டத்து ஓடையிலிருந்து எப்போதோ தூக்கி வந்தது, சட்டமெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. கத்தியால் கீறினோம், கல்லில் கோடு விழவில்லை, கத்தி முனைதான் மழுங்கியது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் நெருக்கமாக ஒட்டிய மணல் மணிகள், இடையிடையே காக்காப்பொன் தூள். குவார்ட்சைட். மலையின் பழைய பாதி. அம்மா இருபத்தெட்டு வருடம் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் முன் அதில் கத்தியைத் தீட்டியிருக்கிறார். கத்தி கீற முடியாத அந்தக் கல் நடுவில் படகு போலக் குழிந்திருக்கிறது.